பதின்மூன்று வீடுகள் போரில் வென்ற விதம்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் இரண்டு முழங்கால்களின் மேல் சத்தியம். இடது முழங்கால் ஜொகூர் பாருவில் ஒரு டாக்டர் வைத்த உலோகம். அதன் மேல் செய்த சத்தியம் செல்லாது என்பவர்களுக்காக வலது முழங்காலின் மேல் இரண்டு முறை செய்கிறேன். நாற்பத்தொரு வருடம் தோட்டத்தில் கிராணியாக இருந்தவன் நான். காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு, வந்தவர் யார், வராதவர் யார் என்று எழுதுவது என் வேலை. கிராணி எழுதியதில் தவறு வராது. வந்தால் அது எழுதப்பட்டவரின் தவறு.

இந்தக் கதை முதலில் கட்டுரையாகத்தான் வந்தது. மாத இதழ் நடத்தும் ராஜசேகரன் போன் போட்டார். அமெரிக்கா விடுதலையை அறிவித்து இந்த வருடத்தோடு இருநூற்றைம்பது வருடம் ஆகிறதாம். அங்கே குடியேறியவர்கள் அவ்வளவு பெரிய இங்கிலாந்தை எப்படிப் போரில் ஜெயித்தார்கள் என்று ஆயிரம் சொல்லில் எழுதித் தரவேண்டும். "சண்டை நெறைய வரட்டும் ஐயா. ஆனா யாரையும் திட்டாதீங்க," என்றார். சரி என்றேன். பாதி வாக்கைக் காப்பாற்றியிருக்கிறேன்.

மூன்று ஆரம்பங்கள் எழுதினேன். கிழித்துப்போட மனமில்லாமல் அப்படியே வைக்கிறேன்:

1775ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் காலை லெக்சிங்டன் என்ற சிற்றூரில்—

கடலுக்கு அப்பால் இருந்த ஓர் அரசன், தான் ஒரு முறைகூடக் கால் வைக்காத மண்ணில் யார் என்ன குடிக்கலாம் என்று—

செல்லப்பனுக்குக் கோபம் வந்தது.

மூன்றாவதுதான் நின்றது. மற்ற இரண்டும் எழுதி முடிப்பதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. செல்லப்பன் அமெரிக்கன் அல்ல, ஜொகூரில் யோங் பெங் பக்கத்து டிராக்டர் ஓட்டி. ஆனால் அமெரிக்காவைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் அவன்தான் வந்து நிற்கிறான். அவனைத் தள்ளிவிட்டு வாஷிங்டனைப் பார்க்க முடியவில்லை.

குழப்பம் வேண்டாம் என்பதற்காக இப்போதே சொல்லிவிடுகிறேன். கப்பல், பீரங்கி, தேயிலை எல்லாம் மேற்பூச்சு. இந்தக் கதையில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது: புஷ்பவள்ளி என்ற ஒருத்திக்கு, உள்ளே இருந்து பூட்டிக்கொள்ள ஒரு கதவு மிஞ்சுமா, மிஞ்சாதா?

2

தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். அதை வாங்கிய கம்பெனிக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள். எனக்கு இருப்பவை முழங்கால்கள். யோங் பெங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம். எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லாரி வந்தால் நாற்பது. ரப்பராக இருந்தது செம்பனையானது, இப்போது டேட்டா சென்டர் ஆகப்போகிறது. அது என்ன என்று செல்லப்பன் என்னைக் கேட்டான். உலகத்தில் உள்ளவர்கள் எடுக்கிற பூனைப் படங்களையெல்லாம் கெட்டுப்போகாமல் குளிரில் வைத்திருக்கிற கிடங்கு என்றேன்.

"பூனைக்கு ஏர்கோன். நமக்கு அறுபது நாள் நோட்டீஸ்," என்றான். அவன் காது சிவந்தது. மற்றவர்களுக்குக் கோபம் கண்ணில் தெரியும், செல்லப்பனுக்குக் காதில். ஒரு தரம் மழையில் நின்று கோபப்பட்டான். இரண்டு காதிலிருந்தும் ஆவி கிளம்பியது. பார்த்தவன் சொல்கிறேன்.

முப்பத்து நான்கு வருடம் அந்தத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவன் அவன். லயத்தில் முதல் வீடு அவனுடையது. ஒரே கூரையின் கீழ் முதுகோடு முதுகாக ஒட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிற வீடுகளைத்தான் லயம் என்போம். மற்ற லயங்கள் காலியாகித் தகரம் பறிபோய் புதர் ஏறிவிட்டன. மிஞ்சியது இந்த ஒன்று. அதில் வீடுகள் பதின்மூன்று.*

* இங்கிலாந்தை எதிர்த்துக் கிளம்பிய காலனிகளும் பதின்மூன்று. இது நான் செய்த ஏற்பாடு அல்ல. சந்தேகப்படுகிறவர்கள் அமெரிக்கக் கொடியில் உள்ள பட்டைகளை எண்ணிக்கொள்ளலாம்.

பதின்மூன்றாம் வீட்டுச் சுவரை ஒட்டி ஓர் ஆயாக்கொட்டாய். தாய்மார் பால்மரம் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகிற கொட்டகை. பிள்ளைகள் வளர்ந்து சிங்கப்பூர் போய்விட்டார்கள். புஷ்பவள்ளி அதில் இருந்தாள். வீடு அல்ல, கொட்டாய். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. புருஷன் போன பிறகு வேறு தோட்டத்திலிருந்து காண்ட்ராக்டர் ஒருவன் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, புல்லுக்கு மருந்து அடிக்க விட்டான். பதினாறு வருடம் முதுகில் மருந்துத் தொட்டியோடு நடந்தாள். சம்பளம் காண்ட்ராக்டர் கையால். ஆகவே அவள் பெயர் தோட்டத்துச் செக்ரோலில் ஏறவில்லை. செக்ரோல் என்பது நான் எழுதிய பேரேடு. அதில் பெயர் இருந்தால்தான் தோட்டத்துக்கு ஒருவர் ஆள். இல்லாவிட்டால் அவர் வெயிலில் தெரியும் நிழல் மாதிரி, இருப்பார், எழுதமுடியாது.

நோட்டீஸ் ஒட்டிய மறுவாரம் செல்லப்பன் யோங் பெங் பழைய பேப்பர் கடையில் ஒரு தமிழ்ப் புத்தகம் எடுத்தான். அட்டையில்லாத உலக சரித்திரம். பின்பாதியைக் கரையான் தின்றிருந்தது. இருந்த பாதியில் அமெரிக்கா இருந்தது. அதிலும் தேயிலைத் தகராறு தொடங்கி ஒரு குளிர்காலம் வரைக்கும்தான். பட்டினியும் பனியுமாகப் படை நடுங்கிக்கொண்டிருக்கிற இடத்தில் கரையான் வந்துவிட்டது.

3

தீபாவளிக்குக் கம்பெனிக்காரர்கள் அன்பளிப்புக் கூடை கொண்டுவந்தார்கள். வாசலுக்கு ஒன்றாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பிஸ்கட், குளிர்பானம், பெரிய டப்பாவில் தேயிலை. அன்றைக்குப் பார்த்துச் செல்லப்பன் புத்தகத்தில் பாஸ்டன் துறைமுகத்துக்கு வந்திருந்தான். அவன் காது எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

எல்லாரையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டினான். வெளியூர் அரசன் வரி போட்ட தேயிலையை அந்த ஊர்க்காரர்கள் கடலில் கொட்டியதை. அடையாளம் தெரியாமலிருக்க இந்தியர்களைப் போல வேடம் போட்டுக்கொண்டு கப்பலில் ஏறினார்கள் என்ற வரி வந்ததும் நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "நமக்கு அந்தச் செலவு மிச்சம்," என்றான்.

பன்னிரண்டு டப்பாவைச் சாக்கடையில் கொட்டினார்கள். சாக்கடை ஆற்றில் சேர்கிறது. மூன்று நாளைக்கு அந்த ஆற்றில் ஒரு கெளுத்திகூடத் தூங்கவில்லை. வலை போட்டவர்கள் சாட்சி.

பதின்மூன்றாவது டப்பாவைப் புஷ்பவள்ளி பிடுங்கிக்கொண்டாள். "அண்ணே, சண்டை போடுறவங்களுக்கு டீ வேணாமா?" என்றாள். அதற்குப் பிறகு நடந்த அத்தனை நாள் போருக்கும் அந்த ஒரு டப்பாதான். அதன் அடி எப்படித் தெரியாமலே இருந்தது என்பதை விஞ்ஞானிகள்தான் சொல்லவேண்டும்.

அவளுக்குக் கூடை வரவில்லை. கம்பெனி கொண்டுவந்தது பதின்மூன்று. கொட்டாய்க்கு யார் கூடை வைப்பார்கள்?

4

கூட்டம் போட வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. காலனிகள் தங்கள் ஆட்களை அனுப்பி ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து பேசினவாம். செல்லப்பன் தன் வாழ்நாளில் பார்த்த ஒரே கூட்டம் காலைப் பெரட்டு, அதாவது நான் பேர் கூப்பிட்ட கூட்டம். ஆகவே பழைய பெரட்டுக் களத்திலேயே எல்லாரையும் நிறுத்தினான். எனக்கும் சொல்லியனுப்பியிருந்தான், போயிருந்தேன். என்னைப் போலவே இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, செக்ரோல் வரிசை பிசகாமல் மனப்பாடமாகக் கூப்பிட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது.

"ஐயாசாமி."

"இருக்கேன்."

"கிருஷ்ணம்மா."

"இருக்கேன்."

இப்படி அவனோடு சேர்த்துப் பதின்மூன்று. முடித்து, பேச வாயெடுத்தபோது, பக்கத்தில் டீ வாளியோடு நின்ற புஷ்பவள்ளி கேட்டாள்.

"அண்ணே, எம் பேரு?"

"நீதான் கண்ணு முன்னால நிக்கிறியே. ஒனக்கு எதுக்குப் பேரு?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளும் சிரித்தாள் என்று எழுதியிருந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அவள் அப்போது குனிந்து வாளியைத் தூக்கிக்கொண்டிருந்தாள், முகம் தெரியவில்லை.

[ராஜசேகரன் ஓரத்தில் எழுதியிருப்பது: "இந்தப் பகுதி தேவையா? போர் நின்றுவிடுகிறது." ஐயா, போர் இங்கேதான் நடந்தது.]

5

அடுத்து ஐந்து மாதம் தோற்றார்கள். கோர்ட்டில் தோற்றார்கள். தேதி கேட்கப் போனால் வேறு தேதி கொடுத்தார்கள். தண்ணீர்க் குழாய் ஒரு நாள் வறண்டது, கம்பெனியைக் கேட்டால் பழுதுபார்க்கிறோம் என்றது. வரிசையாகச் சிவப்புத் துணி கட்டிய அளவு முளைகள் அடித்தார்கள். செல்லப்பன் பிடுங்கிப்போட்டான், மறுபடி அடித்தார்கள். நான்கு மண்வாரி இயந்திரங்கள் வந்து லயத்துக்கு எதிரே நின்றன.

தோற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஐந்து மாதமும் சோறு போட்டது புஷ்பவள்ளி. மருந்துத் தொட்டி தூக்கிய முதுகில் தண்ணீர்த் தோம்பை, பெரிய பீப்பாயை, தூக்கினாள். மண்வாரி முதல் முறை அசைந்த காலையில் அதன் முன்னால் போய்ப் படுத்தது செல்லப்பன் என்று ஊரில் சொல்வார்கள். பொய். செல்லப்பன் ஓடிவந்து சேர்வதற்குள் அவள் அந்தத் தோண்டும் வாளிக்குள் ஏறி உட்கார்ந்து, மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, உலை ஏற்றியிருந்தாள். ஓட்டுநர் வங்காளதேசத்துக்காரன். இறங்கி வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். குழம்பில் உப்பு சரியாக இருந்ததாகச் சொன்னான்.

ஐந்தாம் மாதக் கடைசியில் இரண்டு பஸ் மாறிச் செல்லப்பன் ஜொகூர் பாருவுக்கு என்னைத் தேடி வந்தான். கையில் கரையான் தின்ற புத்தகம். உட்காரவில்லை.

"கிராணி ஐயா, பனிக்குப் பொறவு என்னா ஆச்சு? எப்புடி ஜெயிச்சாங்க?"

ஜெயிக்கவில்லை என்றேன். பெரும்பாலான சண்டைகளில் தோற்றார்கள். நியூயார்க்கை விட்டார்கள், தலைநகரத்தையே விட்டார்கள். ஆனால் கலைந்து வீட்டுக்குப் போகவில்லை. இங்கிலாந்து ஒவ்வொரு வீரனையும், ஒவ்வொரு ரொட்டியையும் கடலைத் தாண்டி அனுப்பவேண்டியிருந்தது. வருடம் ஏற ஏற அவர்களுக்கு அலுத்தது. அந்தச் சமயம் பார்த்து பிரான்ஸ் தேசம் கப்பல் படையோடு வந்தது. யார்க்டவுன் என்ற இடத்தில் இங்கிலாந்துப் படை சிக்கியது. கடல் பக்கம் பிரான்சின் கப்பல், தரைப் பக்கம் இவர்கள். ஓட வழியில்லை. சரணடைந்தார்கள்.

"பிரான்சுக்கு இவங்க மேல அவ்வளவு பாசமா?"

"பாசமெல்லாம் இல்ல. இங்கிலாந்து மேல கடுப்பு."

செல்லப்பன் புத்தகத்தின் கரையான் தின்ற ஓரத்தைத் தடவினான். பிறகு, "நமக்கு யாரு பிரான்ஸ்?" என்றான்.

சரணடைந்த பிறகு என்ன ஆயிற்று என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். (சத்தியம் செய்திருக்கிறேன், ஆகவே: கேட்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது.)

6

பிரான்சைக் கண்டுபிடித்ததும் புஷ்பவள்ளிதான்.

தோட்டத்துக்குப் பின்னால் டுரியான் தோப்பு வைத்திருக்கும் சீன முதலாளி ஒருவர் இருந்தார், தௌக்கே என்போம். பழக் காலத்தில் புஷ்பவள்ளி அவரிடம் பொறுக்கும் வேலைக்குப் போவாள். அறுபது வருடம் அவர் குடும்பத்து லாரி போன தோட்டச் சாலைக்குக் கம்பெனி இரும்புக் கதவு போட்டுவிட்டது. அவள் போய்ப் பேசினாள். அவர் தோட்டத்தில் பிறந்தவர், நம்மைப் போலவே தமிழ் பேசுவார். "ஒங்களுக்கு ஒதவி செய்ய வரல லா. அவனுக்குத் தொந்தரவு குடுக்க வரேன். ஒங்களுக்கு எது வேணுமோ எடுத்துக்க," என்றாராம். பிரான்ஸ் நாட்டு அரசனும் இதைவிட நேர்மையாகப் பேசியிருக்கமாட்டான்.

மறுநாள் அவருடைய ஏழு லாரிகளும் அந்தக் கதவுக்கு வெளியே ஒரே நேரத்தில் பழுதாயின. பழுது என்பதற்கு ஏழு ரசீதுகள் இருந்தன. லாரி நிறையப் புழு வைத்த, வெடித்த, விற்கமுடியாத பழம். நல்ல டுரியானின் நாற்றமே மூக்கைத் துளைக்கும். ஒரு பக்கம் லாரி, ஒரு பக்கம் லயம். நடுவில் நான்கு மண்வாரி, பதினெட்டுக் கம்பெனி ஆட்கள், வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் இன்ஜினியர். வெயில் மேலே.

மூன்றாம் நாள் இன்ஜினியர் மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டார். ஆறாம் நாள் அவ்வழியாகப் பறந்த இருவாட்சி ஒன்று நடு வானத்தில் நின்று யோசித்துவிட்டுத் திரும்பிப் போனது. எட்டாம் நாள் இன்ஜினியர் தன் தாயாருக்குக் கடிதம் எழுதினார். ஒன்பதாம் நாள் காலை கம்பெனி பேச வந்தது. செல்லப்பன் சொல்லியனுப்பி நானும் வந்திருந்தேன்.

மேலாளர் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று உதவி மேலாளரை அனுப்பினார். யார்க்டவுனில் தோற்ற இங்கிலாந்துத் தளபதியும் உடம்பு சரியில்லை என்று சொல்லி, வாளைக் கொடுக்க அடுத்தவரைத்தான் அனுப்பினார். இதை நான் சொன்னபோது செல்லப்பன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

6, மறுபடியும்

மேலே உள்ளதோடு முடித்து ராஜசேகரனுக்கு அனுப்பிவிட்டேன். "அருமை ஐயா, வெற்றியோடு முடிகிறது," என்று பதில் வந்தது. அந்த 'வெற்றி' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

உதவி மேலாளர் பெயர் ரூபேந்திரன். நம் ஆள். கம்பெனியின் நிபந்தனைகளைக் கொண்டுவந்திருந்தார்: யோங் பெங்குக்கு வெளியே, கட்டி முடித்த வரிசை வீடு, பட்டாவோடு, லயத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒன்று. யார் யார் என்று பட்டியல் வேண்டும், மத்தியானத்துக்குள்.

"கிராணி ஐயா எழுதட்டும். அவரு கையெழுத்துல இருந்தாத்தான் மரியாதை," என்றான் செல்லப்பன்.

எழுதினேன். பேனா பிடித்ததும் கை செக்ரோல் வரிசையில் தானாகப் போயிற்று. செல்லப்பன், ஐயாசாமி, கிருஷ்ணம்மா... நாற்பத்தொரு வருடப் பழக்கம். பதின்மூன்றில் நின்று, அடியில் கோடு போட்டேன். புஷ்பவள்ளி அங்கே இல்லை. லாரி ஓட்டுநர்களுக்கு டீ கொடுக்கப் போயிருந்தாள்.

செல்லப்பன் பட்டியலை வாங்கிக் கொடுத்தான். ரூபேந்திரன் விரல் வைத்து எண்ணினார்.

"பதிமூணு. இவ்வளவுதானா அங்கிள்? ஒரு தடவ நல்லாப் பாத்துக்குங்க. ஹெட் ஆபீஸ் போயிட்டா மாத்த முடியாது."

செல்லப்பனுக்கு அந்த நொடியில் ஞாபகம் வந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், அவனே சொன்னான். சாலைப் பக்கமிருந்து அவள் குரல் கேட்டது, யாரையோ சீனி போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது ஒரு பெயரைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று அவன் நினைத்துப் பார்த்தான். செக்ரோலில் இல்லாத ஆள் யார் என்று கேட்பார்கள். தாள் திரும்பிப் போகும். வாரம் மாதமாகும். பழக் காலம் முடிகிறது, நாளைக்கு லாரிகள் கிளம்பிவிடும். பிரான்ஸ் இல்லாமல் பேச்சு ஏது? முப்பத்து நான்கு வருடம் டிராக்டர் ஓட்டியவனுக்குத் தன் பெயரில் ஒரு பட்டா, இரண்டு முழத் தூரத்தில், இன்னொருவன் கையில் இருந்தது.

நான் அவன் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவக்கவில்லை.

"இவ்வளவுதான்," என்றான்.

நானும் அங்கேதான் நின்றேன். எனக்கும் வாய் இருந்தது.

7

இங்கே பேனாவை வைத்துவிட்டு இரண்டு நாள் நடந்தேன். ஒரு முழங்காலோடு நடப்பது எளிதல்ல. கோபத்தை யார் மேல் வைப்பது என்று தெரியவில்லை. கம்பெனி மேல் வைக்கலாம். அதற்கு வாங்கிவாங்கிப் பழக்கம், நம் கோபத்தால் ஒன்றும் ஆகாது என்று அதற்குத் தெரியும். ரூபேந்திரன் மேல் வைக்கமுடியாது. அவர் கேட்டார், இரண்டு தரம் கேட்டார்.

வேறு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(முடிவு அ) செல்லப்பன் தாளைப் பிடுங்கிக் கிழித்து, "புஷ்பம் இல்லாம எங்களுக்கு ஒரு கதவும் வேணாம்," என்கிறான். பதின்மூன்று பேரும் கைதட்ட— இல்லை. கைதட்டிய ஆட்களை நான் பார்த்ததே இல்லை.

(முடிவு ஆ) பட்டியலின் அடியில் கிராணி ரகசியமாக ஒரு பெயரைச் சேர்க்கிறார். நல்ல கிராணி. அன்புள்ள கிராணி. தோட்டத்தில் வேலை செய்த யாரிடமாவது இதைப் படித்துக் காட்டுங்கள், சிரித்தே செத்துப்போவார்கள்.

(முடிவு இ) தௌக்கே அவளுக்குத் தோப்பில் ஒரு வீடு— தௌக்கே ஏன் கொடுக்கவேண்டும்? நம் வெட்கத்தை அவர் ஏன் மூடவேண்டும்?

அப்போதுதான் செல்லப்பன் போன் செய்தான். நான் எழுதுவதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"கிராணி ஐயா, என்னைய கெட்டவனா எழுதிட்டீங்களாமே."

நடந்ததை எழுதினேன் என்றேன்.

"நடந்தத எழுதுனா நீங்களும் வருவீங்க இல்ல? நீங்க எழுதிக் குடுத்தத்தான் நான் நீட்டுனேன். நான் பள்ளிக்கூடம் ஆறு வருசம். நீங்க அமெரிக்கா வரைக்கும் படிச்சவரு."

இதற்குப் பதில் எழுத மூன்று வரி விட்டு வைத்திருக்கிறேன்.

.

.

.

ராஜசேகரன் கேட்ட கட்டுரையில் வரவேண்டியதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். கரையான் தின்ற பக்கத்தில் இருந்தது இது. மனிதர் எல்லாரும் சமம் என்று அறிவித்து ஜெயித்தவர்கள், ஜெயித்துச் சில வருடம் கழித்துச் சட்டம் எழுத உட்கார்ந்தார்கள். மாநிலத்துக்கு எத்தனை ஆள் என்று கணக்கெடுக்க வேண்டும். அடிமைகளை எப்படி எண்ணுவது என்று தகராறு. கடைசியில் ஒவ்வோர் அடிமையும் ஐந்தில் மூன்று ஆள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த எண்ணிக்கையால் மன்றத்தில் கிடைத்த கூடுதல் இடம்கூட எஜமானர்களின் மாநிலத்துக்குத்தான். அந்தப் போரில் அவர்களோடு நின்று துப்பாக்கி பிடித்த கறுப்பு மனிதர்களும் இருந்தார்கள். போர் முடிந்ததும் பழைய எஜமானனிடமே போய்ச் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு.

இதை நான் நாற்பது வருடத்துக்கு முன்பே படித்திருக்கிறேன். செல்லப்பன் என் வீட்டில் நின்று எப்படி ஜெயித்தார்கள் என்று கேட்டபோது, ஜெயித்த இடத்தில் நிறுத்திக்கொண்டேன்.

ஐந்தில் மூன்று. அயோக்கியர்கள். ஆனாலும் ஒரு பின்னமாவது எழுதினார்கள். நான் எழுதியது அதுவும் இல்லை.

8

புஷ்பவள்ளி இப்போது கெலாங் பாத்தாவில் ஒரு தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறாள். பட்டியல் போனதும் லயத்தில் வெற்றி விழா எடுத்தார்கள்; மறுநாள் மண்வாரி வந்தபோது அவள் இடம்தான் முதலில் போனது. கேட்டதற்குப் பட்டியலைக் காட்டினார்கள். ஆறு பெண்கள் படுக்கும் ஓர் அறையில் இருக்கிறாள். அறைச் சாவி வார்டனிடம்.

போன வாரம் எழுதியதை எடுத்துக்கொண்டு போனேன். மத்தியான ஓய்வில் வெளியே வந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்து, டீ வாங்கிக் கொடுத்தாள். நான் படித்தேன். கெளுத்தி மீன் வந்த இடத்தில் சிரித்தாள். பெரட்டு வந்த இடத்தில் சாலையைப் பார்த்தாள். மூன்று முடிவுகளையும் படித்துக் காட்டி, உனக்கு எது வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளலாம், வீடு கிடைப்பதாகவே முடித்துவிடுகிறேன் என்றேன்.

"கதையில குடுக்குற வூட்டுல நான் எங்க போயி சமைக்கிறது கிராணி ஐயா?"

நான் தாள்களை மடித்தேன்.

"அன்னிக்குப் பேரு கூப்புட்டப்ப நான் கேட்டேன், எம் பேரு எங்கன்னு. நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. அப்ப ஒருத்தருக்கும் கோவம் வரல. இப்ப ஒக்காந்து எழுதுறப்ப வருதா?"

வருகிறது என்றேன்.

"எனக்கு இப்ப வரல. அன்னிக்கே எல்லாத்தையும் பட்டு முடிச்சிட்டேன்." எழுந்தாள். கடைக்குள்ளிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், பெயர் சொல்லி அல்ல, அக்கா என்று. நாலு அடி போய்த் திரும்பினாள். "எழுதுறதுன்னா எழுதுங்க. ஆனா எண்ணி எழுதுங்க."

9

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. எழுதிய கை சரியில்லை. புஷ்பவள்ளிக்குக் கதவு கிடைத்ததா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு வரி விட்டிருக்கிறேன். பேனா எடுத்து அவள் பெயரை மட்டுமாவது எழுதுங்கள். ராஜசேகரன் அச்சில் இந்த இடத்தை எடுத்துவிட்டு விளம்பரம் போட்டால் ஓரத்தில் எழுதுங்கள்.

______________________

அவள் சொன்னபடி எண்ணியும் பார்த்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, கண்ணை மூடிக்கொண்டு, செல்லப்பன் வீட்டு வாசலில் தொடங்கிக் கதவு கதவாக நடந்தேன். பதின்மூன்று என்பது கொடிக்கும் நன்றாக இருந்தது, தலைப்புக்கும் நன்றாக இருந்தது, கூடைக்கும் பட்டியலுக்கும் சரியாக இருந்தது.

ஆயாக்கொட்டாயைத் தோட்ட நிர்வாகம் 1993இலேயே இடித்துவிட்டது. அந்த லயத்தில் இருந்தவை பதினான்கு வீடுகள்.